மாட்டின் மூச்சும் இரு மருந்துகளும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருள் என்று தமிழாசிரியர் மாணவர்க்கு எடுத்துரைப்பது வழக்கம். இலத்தீன் மொழியிலும் 'பெக்குஸ்' என்பது கால்நடை. பணத்தைக் குறிக்கும் 'பெக்கூனியா' என்னும் சொல் அதன் அடியாகவே பிறந்தது. மாட்டை இழந்தவன் பொருளை இழந்தவன் என்னும் எண்ணம் ஒரு நாட்டார்க்கு மட்டும் உரியதன்று. ஆநிரை கவர்தலை வெட்சி எனவும், மீட்டலைக் கரந்தை எனவும் நம் புறப்பொருள் நூலார் வகுத்ததும் இவ்வெண்ணம் பற்றியே.

ஆனால், வில்லும் வாளும் இன்றி ஆநிரையைக் கவர்ந்து செல்லும் பகை ஒன்றும் உண்டு. அதுதான் நுரையீரலைப் பற்றும் நோய். மாலையில் தீனி தின்ற கன்று மறுநாட்காலையில் தலையைத் தொங்கவிட்டு நிற்கும். மூக்கில் நீர் வடியும். விலா எலும்புகள் விம்மி விம்மித் தாழும். இரண்டு மூன்று நாள்களில் அது மாண்டும் போகும். பேருடல் படைத்த மாட்டிற்கு அவ்வுடலின் தேவையை நோக்க நுரையீரல் சிறிது. ஆதலின் அதில் ஒரு பகுதி கெட்டாலும் மூச்சுக்கு இடர் மிகுதி.

இந்நோயை வெல்ல மனிதன் கண்ட மருந்துகள் இரு வகை. ஒன்று, நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து. இன்று 'ஆண்டிபயாட்டிக்' என யாவரும் அறிவர். மற்றொன்று, உடலின் கொதிப்பைத் தணிக்கும் மருந்து. இதனை அழற்சி தணிக்கும் மருந்து எனலாம். முன்னது பகைவனைத் தாக்குவது. பின்னது போர்க்களமாகிய உடலைக் காப்பது. இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தல் நன்றா, தீதா என்ற வினா கால்நடை மருத்துவத்தில் அரை நூற்றாண்டாக ஆராயப்பட்டு வருவது. காய்ச்சல் தணிந்தால் நோய் தீர்ந்தது என்று கொள்ளலாமா என்பதே அவ்வினாவின் உயிர்நிலை. அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

கப்பலேறி வந்த நோய்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவை ஒரு கொள்ளைநோய் பற்றி அலைத்தது. மாட்டின் நுரையீரலையும் அதனைப் போர்த்திய சவ்வையும் ஒருங்கே அழிக்கும் இத்தொற்றுநோயை நுரையீரற் கொள்ளைநோய் எனலாம். வணிகம் பெருகிக் கப்பல்கள் கடல் கடந்தபோது நோயும் உடன் சென்றது. 1843-ஆம் ஆண்டில் கப்பலிலிருந்து வாங்கப்பட்ட ஒரு பசுவின் வழியாக அது நியூயார்க்கை அடுத்த புரூக்ளினில் புகுந்தது. 1858-இல் இங்கிலாந்திலிருந்து வந்த மாட்டின் வழியாக ஆஸ்திரேலியாவின் மெல்போர்னை அடைந்தது. அக்கண்டம் அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்க 1973-ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது.

இவற்றினும் கொடியது தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்தது. 1853-இல் ஹாலந்திலிருந்து காளைகளை ஏற்றி வந்த கப்பல் ஒன்று மோசல் விரிகுடாவில் நின்றது. அக்காளைகளிடமிருந்து பரவிய நோயால் சில ஆண்டுகளுள் இலட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் மடிந்தன. மாட்டையே வாழ்வாகக் கொண்ட கோசா இன மக்கள் ஏற்கெனவே ஆங்கிலேயருடன் போரிட்டு நிலமிழந்தவர்கள். இப்போது ஆநிரையும் கண்முன் அழிவதைக் கண்டனர். எஞ்சிய மாடுகளைக் கொன்றுவிட்டால் முன்னோர் எழுந்து வருவர், நோயற்ற புதிய மந்தைகளும் வரும் என்று நோங்கவூசே என்னும் இளம்பெண் உரைத்தாள். 1856, 1857 ஆகிய ஆண்டுகளில் ஏறத்தாழ 4,00,000 மாடுகளை அம்மக்கள் தம் கையாலேயே கொன்றனர் என்றும், அதன்பின் வந்த பஞ்சத்தில் ஏறத்தாழ 40,000 பேர் இறந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் கணக்கிடுவர். ஒரு மாட்டின் இருமலுக்கும் ஓர் இனத்தின் வீழ்ச்சிக்கும் இடையே இத்தகைய தொடர்பு இருக்கக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அந்நாளில் இந்நோய்க்கு மருந்து ஏதும் இல்லை. பெல்ஜிய நாட்டின் ஹாசெல்ட் நகரைச் சேர்ந்த லூயி வில்லெம்ஸ் என்னும் மருத்துவர், நோயுற்ற மாட்டின் நுரையீரலில் ஊறிய நீரைச் சிறிதளவு எடுத்து, நலமுள்ள மாட்டின் வால் நுனியில் செலுத்தினார். 1852-இல் அவர் இதனை வெளியிட்டார். சில மாடுகள் வாலை இழந்தன. ஆயினும் பல மாடுகள் உயிரை இழக்கவில்லை. அமெரிக்கரோ வேறு வழி கண்டனர். 1884-இல் கால்நடைத் தொழிற்கெனத் தனி அரசாங்கத் துறை ஒன்றை நிறுவி, டேனியல் சால்மன் என்பாரைத் தலைவராக்கி, நோயுற்ற மாடுகளையும் அவற்றோடு பழகியவற்றையும் கொன்றழித்து, 1892-இல் நாட்டை இந்நோயினின்று விடுவித்தனர்.

நோய்க்குக் காரணமான உயிரியைப் பாரிஸ் நகரத்து நோக்கார், ரூ என்னும் அறிஞர்கள் 1898-இல் முதன்முதலாக வளர்த்துக் காட்டினர். அது சாதாரண நுண்ணோக்கியில் தெளிவாகப் புலப்படாத அளவு சிறியது. மற்ற பாக்டீரியங்களைப்போல் உடலைச் சுற்றிச் சுவர் அமையாதது. மைக்கோப்பிளாஸ்மா என்று பின்னாளில் பெயர் பெற்றது. சுவர் இல்லாமை பிற்காலத்தில் மருத்துவர்க்குப் பெரிய பாடமாக அமைந்தது.

பயணத்தில் பிறக்கும் காய்ச்சல்

மேலே கூறிய கொள்ளைநோய் பல நாடுகளில் ஒழிந்தது. ஆனால் மாட்டின் நுரையீரல் நோய் ஒழியவில்லை. புல்வெளியில் வளர்ந்த கன்றுகளைத் தாயிடமிருந்து பிரித்து, சந்தையில் விற்று, புகைவண்டியிலும் லாரியிலும் நெருக்கி ஏற்றி, நெடுந்தொலைவில் உள்ள கொட்டில்களுக்கு அனுப்பும் வணிகம் வட அமெரிக்காவில் பெருகிற்று. போய்ச் சேர்ந்த சில நாள்களிலேயே கன்றுகள் காய்ச்சலில் விழுந்தன. இதற்கு 'ஷிப்பிங் ஃபீவர்', அதாவது பயணக் காய்ச்சல், என்று பெயரிட்டனர்.

இந்நோயின் தன்மை வியப்புக்குரியது. இதனை விளைக்கும் முதன்மையான பாக்டீரியம் மான்ஹைமியா ஹீமோலிட்டிக்கா என்பது. 1999-ஆம் ஆண்டு வரை இதனைப் பாஸ்டுரெல்லா இனத்திலேயே சேர்த்து எண்ணினர். நலமுள்ள மாட்டின் மூக்கிலும் தொண்டையிலும் இது தீங்கு செய்யாமல் தங்கியிருப்பது. பசி, தாகம், குளிர், தூசி, தாயைப் பிரிந்த துயர் ஆகியவை கன்றின் வலிமையைக் குறைக்கின்றன. அவ்வேளையில் வைரஸ் ஒன்று மூச்சுக்குழலின் காப்பைச் சிதைக்கிறது. உடனே மூக்கிலிருந்த பாக்டீரியம் பெருகி நுரையீரலுக்குள் இறங்குகிறது. வெளியிலிருந்து வந்த பகைவன் செய்த வேலை சிறிது. வீட்டுக்குள் இருந்தவன் செய்த வேலை பெரிது.

பயணக் காய்ச்சலுக்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு நோயை நம்மவர் நன்கறிவர். அதுதான் தொண்டை அடைப்பான். பாஸ்டுரெல்லா மல்ட்டோசிடா என்னும் பாக்டீரியத்தால் வரும் இது, மாட்டையும் சிறப்பாக எருமையையும் ஓரிரு நாளில் கொல்ல வல்லது. தமிழ்நாட்டு உழவர்க்கு மட்டுமன்றி மலேசிய எருமை வளர்ப்போர்க்கும் இது பழைய பகை. சிங்கப்பூரில் 'கண்டாங் கெர்பாவ்' என்னும் மலாய்ப் பெயர் எருமைக் கொட்டில் என்று பொருள்படுவதையும், தேக்கா வட்டாரத்தில் எருமையின் பெயரால் இன்றும் ஒரு சாலை வழங்குவதையும் நாம் அறிவோம். சிராங்கூன் சாலையை ஒட்டி இந்தியர் பலர் மாட்டு வணிகம் செய்த நாள்களின் எச்சங்கள் அப்பெயர்கள். தோட்டப்புற லயங்களில் பால்மாடு வளர்த்த குடும்பங்களுக்கும் ஒரு மாடு சாய்வது என்பது மாதவருமானம் சாய்வதேயாம்.

பகைவனைத் தாக்கும் மருந்து

கிருமியைக் கொன்று நோயாளியைக் கொல்லாத மருந்தைத் தேடிய முயற்சி 1930-களில் கனிந்தது. ஜெர்மனியில் கெர்ஹார்டு டோமாக் சாயப்பொருள்களை ஆராய்ந்து, 'புரொண்டோசில்' என்பதன் ஆற்றலை 1935-இல் வெளியிட்டார். இதன் வழியே சல்ஃபா மருந்துகள் தோன்றின. 1940-களில் இவை மாட்டின் நுரையீரல் காய்ச்சலுக்கும் வழங்கப்பட்டன. அலெக்சாந்தர் ஃபிளெமிங் 1928-இல் கண்ட பெனிசிலினை ஃபுளோரியும் செயினும் அவர்தம் துணைவரும் 1940-இல் ஆக்ஸ்ஃபோர்டில் மருந்தாக்கிக் காட்டினர்.

பெனிசிலின் பாக்டீரியத்தின் சுவரைக் கட்ட விடாமல் தடுப்பது. சுவரே இல்லாத மைக்கோப்பிளாஸ்மாவின்மீது அதற்கு ஆற்றல் இல்லை. கோட்டைச் சுவரை இடிக்கும் யானைப்படையை வெட்டவெளியில் திரியும் கள்வன்மேல் ஏவுவது போன்றது அது. எம்மருந்து எக்கிருமிக்கு என்று அறிந்து கொடுத்தலே மருத்துவம் என்பதை இது காட்டுகிறது.

அக்குறையை ஓரளவு நிரப்பியவை டெட்ராசைக்ளின் இன மருந்துகள். அவற்றுள் முதலாவதை அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் பெஞ்சமின் டகர் மண்ணில் வாழும் ஓர் உயிரியிலிருந்து பிரித்து, 1948-இல் அறிவித்தார். அவ்வாய்வுப் பணிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். அவர் ஆந்திர நாட்டில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அம்மருந்து அறிவிக்கப்பட்ட ஆண்டிலேயே காலமானார். 1950-இல் ஆக்சிடெட்ராசைக்ளின் வந்தது. இவை சுவரை நாடாமல், கிருமி தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்துகொள்வதைத் தடுத்தன. எனவே சுவருள்ள கிருமிக்கும் சுவரில்லாக் கிருமிக்கும் பயன்பட்டன. மாட்டு மருத்துவரின் பையில் இம்மருந்து இன்றளவும் இடம் பெற்றுள்ளது.

ஆனால் மருத்துவர் ஒன்றைக் கண்டு திகைத்தனர். தக்க மருந்தைத் தக்க அளவில் கொடுத்தும் சில கன்றுகள் இறந்தன. இறந்த கன்றின் நுரையீரலை அறுத்துப் பார்த்தால் கிருமிகள் குறைந்திருந்தன. ஆனால் நுரையீரல் ஈரலைப்போல் இறுகியிருந்தது. பகைவன் மாண்டான், ஊரும் எரிந்துவிட்டது. எரித்தவன் யார்?

ஊரை எரித்த காவலர்

உரோமானிய எழுத்தாளர் செல்சஸ், கிறித்துவுக்குப் பிற்பட்ட முதல் நூற்றாண்டிலேயே அழற்சியின் குறிகள் நான்கு எனக் கூறினார்: சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல். காயம் பட்ட இடத்தில் உடல் நடத்தும் போரின் அடையாளங்கள் இவை. போர் இன்றேல் கிருமி வெல்லும். ஆனால் நுரையீரல் போன்ற மெல்லிய இடத்தில் போர் மிகுந்தால் மூச்சுக்கு வழியில்லாமற் போகும்.

பயணக் காய்ச்சலில் இது நேரே காணப்படுகிறது. மான்ஹைமியா பாக்டீரியம் சுரக்கும் ஒரு நஞ்சு, அசைபோடும் விலங்குகளின் வெள்ளை அணுக்களையே தேடிச் சென்று துளைக்கிறது. காவலுக்கு வந்த அணுக்கள் வெடிக்கின்றன. அவை கிருமியைச் செரிக்க வைத்திருந்த நொதிகள் நுரையீரலின்மேல் கொட்டுகின்றன. அச்சிதைவு மேலும் வெள்ளை அணுக்களை அழைக்கிறது, வந்தவையும் வெடிக்கின்றன. இரத்தக் குழல்களிலிருந்து நீரும் உறையும் பொருளும் கசிந்து காற்றறைகளை அடைக்கின்றன. ஆக, கன்றின் நுரையீரலைக் கெடுப்பதில் கிருமிக்கு உள்ள பங்கைவிடக் கன்றின் சொந்தக் காவலுக்கு உள்ள பங்கு சிறிதன்று. கிருமியைக் கொல்லும் மருந்து இத்தீயை உடனே அணைப்பதில்லை. இவ்வுண்மை விளங்கிய பின்னரே அழற்சி தணிக்கும் மருந்தைத் துணையாகச் சேர்க்கும் எண்ணம் வலுப்பெற்றது.

தீயைத் தணிக்கும் மருந்து

காய்ச்சலுக்கு வில்லோ மரப்பட்டை நல்லது என்பதை எட்வர்டு ஸ்டோன் என்னும் ஆங்கிலப் பாதிரியார் 1763-இல் இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். அம்மரபில் வந்ததே, 1897-இல் ஜெர்மனியின் பேயர் ஆய்வுக்கூடத்தில் தூய நிலையில் ஆக்கப்பட்டு 1899-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பிரின். அது எவ்வாறு வேலை செய்கிறது என்பது எழுபது ஆண்டுகளுக்கு மேல் விளங்காமலே இருந்தது.

இதற்கிடையில் 1948-இல் அமெரிக்காவின் மாயோ மருத்துவ நிலையத்தில் ஹென்ச், கெண்டல் ஆகியோர் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளி ஒருவருக்குச் செலுத்தினர். படுக்கையை விட்டு எழ இயலாதவர் சில நாள்களில் நடந்தார். உலகம் வியந்தது, அவ்விருவர்க்கும் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ரைக்ஸ்டைனுக்கும் 1950-இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வினத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டு மருந்துகள் விரைவில் மாட்டு மருத்துவத்திலும் புகுந்தன. ஊசி போட்ட சில மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கியது, மாடு தீனி தின்றது, உடையவர் மகிழ்ந்தார்.

ஆனால் மகிழ்ச்சிக்குள் ஓர் இடர் மறைந்திருந்தது. ஸ்டீராய்டு மருந்து தீயை அணைத்ததோடு காவலரையும் உறங்க வைத்தது. மாட்டின் மூக்கையும் மூச்சுக்குழலையும் பற்றும் ஹெர்ப்பிஸ் வைரஸ் ஒன்று உண்டு. நோய் தீர்ந்த பின்னும் அது நரம்பு முடிச்சுகளில் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருக்கும். ஒளிந்த வைரஸை ஆய்வுக்கூடத்தில் எழுப்பிக் காட்ட வேண்டுமானால் ஆராய்ச்சியாளர் கையாளும் மருந்தே டெக்ஸாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டுதான். நோயை எழுப்பப் பயன்படும் மருந்தை நோய் தீர்க்கக் கொடுப்பதில் எத்துணை எச்சரிக்கை வேண்டும் என்பது வெள்ளிடைமலை.

வேறு வழி 1971-இல் திறந்தது. இலண்டனில் ஜான் வேன் என்பவர் ஆஸ்பிரினின் மறைபொருளைக் கண்டுபிடித்தார். உடலில் புரோஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் உண்டாகி வலியையும் வெப்பத்தையும் வீக்கத்தையும் வளர்க்கின்றன. ஆஸ்பிரின் அவை உண்டாவதைத் தடுக்கிறது என்று அவர் நிறுவினார். 1982-இல் நோபல் பரிசு அவருக்கும் சுவீடன் நாட்டு அறிஞர் இருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஸ்டீராய்டு அல்லாத இம்மருந்துகள் காவலரை அந்த அளவுக்கு உறங்க வைப்பதில்லை. ஃபுளூனிக்சின், கீட்டோபுரோஃபென், மெலாக்சிகாம் எனப் பல மருந்துகள் இவ்வினத்தில் கால்நடைக்கென வந்தன.

இரண்டும் ஒரு புட்டியில்

1980-கள் தொட்டு இரு மருந்துகளையும் சேர்த்துக் கொடுக்கும் சோதனைகள் பல நிகழ்ந்தன. ஒரு கூட்டம் கன்றுகளுக்குக் கிருமிக்கொல்லி மட்டும். மற்றொரு கூட்டத்துக்கு அதனுடன் அழற்சி தணிக்கும் மருந்தும். ஐரோப்பாவில் மெலாக்சிகாம் மருந்தைக் கடும் மூச்சுநோயில் தக்க கிருமிக்கொல்லியுடன் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்று உரிமத்திலேயே எழுதினர். தனித்துக் கொடுக்கச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஃபுளோர்ஃபெனிகால் என்னும் கிருமிக்கொல்லியும் ஃபுளூனிக்சினும் ஒரே புட்டியில் கலந்த மருந்துக்கு 2009-இல் ஒப்புதல் கிடைத்தது. ஓர் ஊசி, இரு வேலை. மாட்டைப் பிடித்துக் கட்டும் துன்பம் பாதியாயிற்று.

அம்மருந்தின் உரிமத்தைப் படிப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நோயைத் தீர்ப்பது ஃபுளோர்ஃபெனிகாலின் பணி எனவும், நோயோடு வரும் காய்ச்சலைக் கட்டுப்படுத்துவது ஃபுளூனிக்சினின் பணி எனவும் அது பிரித்துக் கூறுகிறது. துணைமருந்து உயிரைக் காக்கும் என்று அதில் இல்லை. அறிவியல் தன் சொல்லை அளந்து பேசிய இடம் இது.

2012-இல் ஃபிராங்கோஸ் முதலிய கால்நடை மருத்துவ அறிஞர் மூவர் அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி ஆராய்ந்தனர். துணைமருந்து சேர்ந்த கன்றுகளில் காய்ச்சல் விரைவில் தணிவது உறுதியாகக் காணப்பட்டது. நுரையீரற் சிதைவு குறைவது சில சோதனைகளில் தோன்றிற்று, எல்லாவற்றிலும் தோன்றவில்லை. சாவு குறைகிறது என்று நிலைநாட்டப் போதிய சான்று அமையவில்லை. ஆகவே தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை கிடைக்கிறது: காய்ச்சல் தணிதல் வேறு, நோய் தீர்தல் வேறு.

அப்படியாயின் துணைமருந்து வீணா? அன்று. வலியும் காய்ச்சலும் உடைய கன்று தீனி தின்னாது, நீர் குடிக்காது. அவை தணிந்தால் அது உண்ணும். உண்டால் வலிமை பெறும். வாயில்லா உயிரின் வலியைத் தணிப்பது தானே ஓர் அறம். அதற்கு வேறு பயன் காட்ட வேண்டியதில்லை. ஆனால் இருவகைக் கேடுகளை மறத்தல் ஆகாது. முதலாவது, காய்ச்சல் இறங்கியதும் 'மாடு தேறிவிட்டது' என்று எண்ணிக் கிருமிக்கொல்லியை இடையில் நிறுத்துவது, அல்லது அது தவறான மருந்து என்பதைக் காணாமல் போவது. காய்ச்சல், மருத்துவர்க்குச் செய்தி சொல்லும் தூதன். தூதனின் வாயை அடைத்தபின் வேறு செய்தியாளரை வைத்துக்கொள்ள வேண்டும். மூச்சின் எண்ணிக்கை, தீனியின் அளவு, நிற்கும் நிலை ஆகியவையே அச்செய்தியாளர். இரண்டாவது, நீர்ச்சத்து வற்றிய மாட்டிற்கு இம்மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். இரைப்பையில் புண்ணையும் உண்டாக்கும். அளவும் காலமும் கருதாது கொடுத்தால் பாலிலும் இறைச்சியிலும் மருந்து தங்கி மனிதனையும் வந்தடையும்.

நுரையீரற் கொள்ளைநோயிலும் இதே பாடம் உண்டு. டெட்ராசைக்ளின் பெற்ற மாடு வெளித்தோற்றத்தில் தேறும். ஆனால் நுரையீரலின் மூலையில் தடித்த உறைக்குள் கிருமி உயிரோடு இருக்கக்கூடும். ஆதலால் அந்நோயை ஒழிக்க முயலும் நாடுகள் பல அதற்கு மருந்து கொடுப்பதையே ஊக்குவிப்பதில்லை.

பாறுகள் மடிந்த கதை

மருந்தின் பயணம் மாட்டோடு முடிவதில்லை என்பதை உலகுக்கு உணர்த்தியது நம் பாரத கண்டமே. அழற்சி தணிக்கும் இனத்தைச் சேர்ந்த டைக்ளோஃபினாக் என்னும் மருந்து 1990-களில் இந்திய மாடுகளுக்குப் பெருவழக்காயிற்று. விலை மலிவு; பயன் விரைவு. அதே ஆண்டுகளில், இறந்த மாட்டைத் தின்று ஊரைத் தூய்மை செய்யும் பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகுகள் கொத்துக் கொத்தாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு 1992-க்கும் 2007-க்கும் இடையே இந்தியாவில் ஆயிரத்தில் ஒன்றுகூட மிஞ்சாத அளவு குறைந்தது. தொற்றுநோய் என்றே பலர் ஐயுற்றனர்.

பாகிஸ்தானில் இறந்த பாறுகளை ஆராய்ந்த லின்சே ஓக்ஸ் முதலியோர் 2004-இல் விடையை வெளியிட்டனர். டைக்ளோஃபினாக் பெற்றுச் சிறிது காலத்தில் இறந்த மாட்டின் உடலில் அம்மருந்து தங்கியிருந்தது. அதைத் தின்ற பாறுகளின் சிறுநீரகம் செயலற்று, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெண்பொடியாகப் படிந்தது. மாட்டின் வலியைத் தணித்த மருந்து பறவைக்கு நஞ்சாயிற்று.

2006-இல் இந்திய அரசு கால்நடைக்கு டைக்ளோஃபினாக் ஆக்குவதைத் தடுத்தது. அவ்வாண்டிலேயே மெலாக்சிகாம் பாறுகளுக்குத் தீங்கற்றது என்று சோதனைகள் காட்டின. மனிதர்க்கென விற்ற பெரும் புட்டிகள் மாட்டிற்குச் செல்வதைத் தடுக்க, 2015-இல் ஊசிமருந்துப் புட்டியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் அக்கட்டுப்பாட்டை நிலைநிறுத்தியது. 2021-இல் அமெரிக்காவில் கிருமிக்கொல்லி ஒன்றுடன் கீட்டோபுரோஃபெனைக் கலந்த மாட்டு மருந்துக்கு ஒப்புதல் தரப்பட்டது. 2023-இல் இந்தியாவோ கீட்டோபுரோஃபெனையும் அசிக்ளோஃபினாக்கையும் கால்நடைக்குத் தடை செய்தது. ஒரே மருந்து, இரு நாடுகள், இரு தீர்ப்புகள். மாண்ட மாட்டைத் திறந்தவெளியில் விட்டு, அதைப் பாறுகள் தின்னும் நாட்டில் மருந்தின் கணக்கு வேறாகத்தான் இருக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் பாறுகள் கூடு கட்டி வாழும் சிறந்த இடம் நீலகிரியின் அடிவாரத்திலுள்ள மாயாறுப் பள்ளத்தாக்கு. அவற்றின் வாழ்வு, அங்கு மேயும் மாட்டிற்கு எந்த ஊசி போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே நிற்கிறது.

முடிவுரை

வில்லெம்ஸ் மாட்டின் வாலில் ஊசியிட்ட நாள்முதல் ஒரே புட்டியில் இரு மருந்துகள் கலந்த நாள்வரை சென்ற காலம் ஏறத்தாழ நூற்றைம்பத்தேழு ஆண்டு. அக்காலத்தில் மனிதன் மூன்று உண்மைகளைக் கற்றான். கிருமியைக் கொன்றால் மட்டும் போதாது. உடல் நடத்தும் போரையும் அடக்க வேண்டும். போரை அடக்குவதால் மட்டும் வெற்றி வாராது. கிருமிக்கு ஏற்ற மருந்து முன்னே செல்ல வேண்டும். இரண்டும் சரியாக அமைந்தாலும், அம்மருந்து மாட்டைக் கடந்து எங்கே செல்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும்.

இவ்விரு மருந்துகளும் தேவைப்படாமற் செய்வது இவற்றினும் சிறந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்றைத் தாயிடமிருந்து பிரித்த அன்றே லாரியில் ஏற்றாமை, நெருக்காமை, காற்றோட்டமுள்ள கொட்டில், காலத்தில் தடுப்பூசி, நிறைந்த தண்ணீர் ஆகியவற்றுக்கு மருந்துக்கடைக்குப் போக வேண்டியதில்லை. நோயின் முதற்காரணத்தை நாடி அதைத் தணிக்கும் வழியைத் தேர்க என்பது நம் மரபில் ஊறிய மருத்துவ நெறி. பயணக் காய்ச்சலுக்குப் பயணமே முதற்காரணம் என்று அறிந்தவர், ஊசியைக் கையில் எடுக்குமுன் வண்டியை எட்டிப் பார்ப்பர்.